தலையில்லாத ராணியும் ரெட்டைச் சடையும்

"தலையை ஆட்டாதே. இப்ப ஆட்டினா அப்புறம் நாள் பூரா ஆடும்."

லாட்ஜ் அறைக் கண்ணாடியின் முன்னால் மகளை உட்காரவைத்து, பற்களுக்கிடையே ஒரு துண்டு டேப்பைக் கவ்விக்கொண்டே சொன்னாள் பார்லரக்கா.

பார்லரக்கா என்பது ஊர் வைத்த பெயர். ஊரிலுள்ள பாதிப் பெண்களின் புருவம் அவள் கை நூலுக்குக் கட்டுப்பட்டது. மகளுக்குப் பெயர் கடுகு. பிறந்தபோது அவ்வளவு சிறிதாக இருந்தாள் என்று அப்பா வைத்த செல்லப்பெயர். பதினொரு வயதாகியும் உருவம் பெரிதாக மாறவில்லை. காரம்தான் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டிருந்தது.

டேப் எதற்கென்றால், கடுகின் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது.

முதலில் காசளவுக்கு ஒரு வழுக்கை விழுந்தது. காசு, தட்டாயிற்று. தட்டு, தலை முழுவதும் ஆயிற்று. போகிறபோக்கில் புருவத்தையும் கூட்டிக்கொண்டு போனது. "வலி இல்லை, உயிருக்கு ஒண்ணும் இல்லை. உடம்பு தன்னோட முடியையே வேத்தாள்னு நினைச்சு விரட்டிடுச்சு. திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். பார்லரக்கா அன்றைக்கு அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் இடுப்பைத் தாண்டித் தொங்கிய தன் முடியைக் கழுத்தோடு வெட்டினாள். வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து, வலைத்துணியில் இழை இழையாக முடிந்து, மகளுக்கு ஒரு விக் செய்தாள். அதற்குப் பிறகுதான் இப்போதிருக்கும் ஊருக்குக் குடிவந்து கடை போட்டார்கள். ஆகவே இந்த ஊருக்குத் தெரிந்ததெல்லாம் கடுகின் பளபளவென்ற ரெட்டைச் சடைதான்.

அதோடு நின்றிருந்தால் வம்பில்லை. ஒருநாள் கடைக்கு வந்த ஒருத்தி, "ஐயோ, என்ன முடி! பாப்பாவுக்கு என்ன எண்ணெய் போடறீங்க?" என்று வாயைப் பிளந்தாள். பார்லரக்காவின் நாக்கு அவளைக் கேட்காமலே, "நம்ம கடை எண்ணெய்தான்" என்றது. அவ்வளவுதான். எண்ணெய் பறந்தது. பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய்க்கு இரண்டு நீளமான சடைகள் இருந்தன.

"அம்மா."

"ம்."

"ஸ்கூல் திறந்ததும் நான் இதை வச்சுக்கிட்டுப் போகமாட்டேன்."

விடுமுறை முடிந்ததும் கடுகு பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். புது வகுப்பு, புதுப் பிள்ளைகள்.

"முதல் நாளே எல்லாரும் உன்னைத்தான் பார்ப்பாங்க. தேவையா?"

"இப்ப மட்டும் பார்க்கலையா? ஓடிப்பிடிச்சு விளையாடறப்ப எல்லாரும் ஓடறாங்க. நான் மட்டும் தலையைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நிக்கறேன். அதையும்தான் பார்க்கறாங்க."

"உன்னைப் பார்த்து ஒருத்தர் 'பாவம்'னு சொல்ல விடமாட்டேன் நான். பேச்சு முடிஞ்சது."

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை."

இந்த வழக்கு முந்தின நாள் தொலைபேசியில் அப்பாவிடமும் போயிருந்தது. அவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவர். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவிலே புயல் அடிச்சா நான் கடல்லயே இருந்துக்கறேன், அதுதான் பாதுகாப்பு" என்று சொல்லிவிட்டு நழுவிக்கொண்டார்.

பார்லரக்கா பையிலிருந்து எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தாள்.

"எதுக்கும்மா இது? எண்ணெய் பட்டா டேப் பிடிக்காதுன்னு விக் வைக்க வர்றவங்ககிட்டே எல்லாம் நீதானே சொல்லுவே?"

"பஸ்ஸில யார் இருக்கா, பார்த்தியில்ல?"

பார்த்திருந்தாள். அவர்கள் ஊரிலிருந்தே கிளம்பிய கோடைச் சுற்றுலாப் பேருந்து அது. இரண்டு இருக்கை தள்ளி ரேடியோ அக்கா. மருந்துக்கடைக்காரரின் மனைவி. அவள் காதில் விழுந்த சேதி மாலைக்குள் ஊர் முழுக்க ஒலிபரப்பாகிவிடும். கடை எண்ணெயில் மூன்று பாட்டில் வாங்கியவள். நேற்றே கடுகின் சடையை முகர்ந்து பார்த்து, "வாசனையே வரலையே, இன்னைக்கு எண்ணெய் வைக்கலையா?" என்று துப்பறிந்தவள்.

அதனால் அன்று காலை சடையில் மட்டுமல்ல, வகிட்டிலும் நெற்றி ஓரத்திலும் தாராளமாக எண்ணெய் தடவப்பட்டது. ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவள் தன் கையால் செய்த காரியம் அது. வியாபாரம் கண்ணை மறைத்தால் தொழில்கூட மறந்துபோகும்.

கோட்டை வாசலில் பேருந்து நின்றதும், வழிகாட்டி தன் சிவப்புக் குடையை விரித்தார். அவரை எல்லோரும் குடைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். யார் பெயரையும் அவர் கேட்டு வைத்துக்கொள்வதில்லை. அடையாளத்தை வைத்துத்தான் கணக்கு.

"கறுப்புக் கண்ணாடி இருக்காரா? பச்சைப் பை? ஊன்றுகோல் ஐயா? ரெட்டைச் சடை? சரி, எல்லாரும் என் குடை பின்னாடி வாங்க. குடை நின்னா நில்லுங்க, குடை நடந்தா நடங்க. குடை காணாம போனா, நான் வேலையை விட்டுட்டேன்னு அர்த்தம்."

வெயில் கல்லில் பட்டுத் திரும்பி முகத்தில் அறைந்தது. குறுகலான சந்துகளில் இரு பக்கமும் பழைய வீடுகள், பாதி இடிந்த வளைவுகள், தேய்ந்து பள்ளமான படிகள். அரண்மனைச் சுவரெங்கும் சிற்பங்கள். மற்றவர்கள் அவற்றின் வயதைக் கேட்டார்கள். பார்லரக்காவுக்குத் தொழில் புத்தி.

"இந்தக் கொண்டையைப் பாரேன் கடுகு. ஒரு பின் வெளியே தெரியுதா? எவளோ கை தேர்ந்தவ போட்டிருக்கா. பக்கத்துல இருக்கறவளுக்குப் பாரு, வகிடு கோணல். அவசரத்துல முடிச்சு அனுப்பிட்டா."

கடுகு சிரித்தாள். ஆனால் வலது கை அடிக்கடி நெற்றி ஓரத்துக்குப் போய்வந்தது.

"அம்மா, வழுக்குது."

"ஒண்ணும் ஆகாது. தொடாதே."

உள்முற்றத்தில் குடை நின்றது. அங்கே ஒரு மேடைமேல், ஆளுயரத்துக்கு ஒரு பெண்ணின் சிலை. ஒரு கையில் வாள். மறு கை இடுப்பில் ஊன்றியிருந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

"இந்த ஊரை ஆண்ட ராணி" என்றார் குடைக்காரர். "பகைவன் படை உள்ளே வந்தப்ப ராணி அகப்படலை. சுரங்கம் வழியா வெளியேறிட்டாங்க. வந்தவனுக்கு ஆத்திரம். சிலையோட தலையை வெட்டிட்டுப் போயிட்டான். அடுத்த வருஷமே ராணி ஊரைத் திரும்பப் பிடிச்சாங்க. புதுத் தலை வைக்கட்டுமான்னு சிற்பி கேட்டதுக்கு, 'வேண்டாம், அப்படியே இருக்கட்டும். என்னால தலை இல்லாமலும் நிக்க முடியும்னு அவன் பார்க்கட்டும்'னு சொன்னாங்களாம்."

கூட்டம் சிலையைச் சுற்றி மொய்த்தது. ஆளுக்கு ஆள் செல்போனை நீட்டினார்கள். கறுப்புக் கண்ணாடிக்காரர் சிலைக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினார். கடுகு மட்டும் நகராமல் நின்றாள். அவளை அறியாமலே ஒரு கை இடுப்புக்குப் போயிருந்தது.

"வாடி, எல்லாரும் மேலே போயிட்டாங்க."

"அம்மா, இவங்களைப் பார்க்கத்தானே எல்லாரும் டிக்கெட் வாங்கறாங்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்லை" என்றாள் கடுகு. கடுகு ஒன்றுமில்லை என்றால் ஏதோ இருக்கிறது என்று பார்லரக்காவுக்குத் தெரியும்.

கோட்டையின் உச்சி மாடத்துக்குச் செங்குத்தான படிகள். "பார்த்துட்டு நேரே பஸ்ஸுக்கு வந்துடுங்க" என்று குடைக்காரர் ஏறாமலே திரும்பிப் போய்விட்டார். ஏற ஏற வியர்வை வழிந்தது. வியர்வையும் எண்ணெயும் கைகோத்தன. மேலே வந்து சேர்ந்தபோது, கீழே நகரம் முழுவதும் கூரையும் கோபுரமுமாக விரிந்து கிடந்தது. அதை ஒரு தரம் பார்த்து முடிப்பதற்குள் ரேடியோ அக்கா வந்துவிட்டாள்.

"பாப்பா, இங்கே வா. உன்னை ஒரு போட்டோ எடுத்துக்கறேன். என் தங்கச்சி எண்ணெயை நம்பவே மாட்டேங்கறா. சடையை முன்னாடி விட்டுக்கோ. அப்படி இல்லை, நல்லா நீளம் தெரியணும். இரு, நானே விடறேன்."

"அக்கா, வேண்டாம்!" என்று பார்லரக்கா பாய்வதற்குள், ரேடியோ அக்கா இரண்டு சடைகளையும் பிடித்து ஆசையாக முன்பக்கம் இழுத்தாள்.

சடை வந்தது. கூடவே வகிடும் வந்தது. மொத்தமும் வழுக்கிக்கொண்டு அவள் கையோடு வந்தது.

ரேடியோ அக்கா தன் கையைப் பார்த்தாள். கடுகின் தலையைப் பார்த்தாள். பிறகு போட்ட கூச்சலில் மாடத்திலிருந்த புறாக்கள் அத்தனையும் ஒரேயடியாகக் கிளம்பின.

எல்லோரும் திரும்பினார்கள். பார்லரக்கா யோசிக்கவே இல்லை. கழுத்தில் சுற்றியிருந்த மெல்லிய துணியை உருவி மகளின் தலைமேல் போட்டு, இரண்டு கைகளாலும் அவளை அணைத்து மறைத்துக்கொண்டாள். இந்த ஒரு நிமிடத்தைத் தடுக்கத்தானே இவ்வளவு பாடும்!

"அடப்பாவமே" என்றது ஒரு குரல்.

"இந்த வயசுலயா?" என்றது இன்னொன்று.

கறுப்புக் கண்ணாடிக்காரர் தன் மகனை இரண்டடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "என்னங்க இது, ஒட்டுற வியாதியா?"

அணைப்புக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்தது. தலைமேல் கிடந்த துணியைப் பிடித்து இழுத்து, அம்மாவின் தோளிலேயே திரும்பப் போட்டது. கடுகு வெளியே வந்து நின்றாள். மொட்டைத் தலையில் எண்ணெய் வெயிலுக்கு மின்னியது.

"ஒட்டியிருந்தா இப்படிக் கழண்டு வருமா அங்கிள்?" என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கறுப்புக் கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கீழே தலையே இல்லாத ராணியை டிக்கெட் வாங்கிப் பார்த்தீங்க. பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தீங்க. நான் முடிதான் இல்லாம நிக்கறேன். டிக்கெட்கூட வேண்டாம். பார்க்கறவங்க சும்மாவே பார்த்துக்கோங்க."

சொல்லிவிட்டு இடுப்பில் ஒரு கையை ஊன்றினாள்.

ரேடியோ அக்காவுக்குத்தான் முதலில் மூச்சு வந்தது. "அப்ப... அந்த எண்ணெய்?"

பார்லரக்காவின் முகத்தில் ரத்தம் ஏறியது. அவள் வாயெடுப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"எண்ணெய் நல்ல எண்ணெய்தான் ஆன்ட்டி. டேப்பையே கழட்டிடுச்சே, பார்த்தீங்கள்ல?"

இந்த முறை நிறையப் பேர் சிரித்தார்கள். பார்லரக்கா சிரிக்கவில்லை. ரேடியோ அக்காவின் கையிலிருந்து விக்கை வெடுக்கென்று பறித்தாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கி, ஆளில்லாத ஒரு தூணின் மறைவுக்கு இழுத்துப் போனாள்.

"நில்லு. துடைச்சுட்டுப் புது டேப் ஒட்டறேன். கீழே இறங்கினா வேற கூட்டம். அவங்களுக்குத் தெரியாது."

"வேண்டாம்மா."

"சொன்னாக் கேளு."

"மாட்டேன்."

"கடுகு, அது என் முடிடி!" குரல் உடைந்துவிட்டது. "ஒவ்வொரு இழையா கண்ணு வலிக்க வலிக்க முடிஞ்சேன். உனக்காக."

"தெரியும்மா. அதனாலதான் இவ்வளவு நாள் வச்சுக்கிட்டேன்." கடுகின் கண்ணிலும் இப்போது நீர் இருந்தது. ஆனால் முகம் இறங்கவில்லை. "நீ கடைக்கு வர்றவங்ககிட்ட என்னைக் கூப்பிட்டுக் காட்டறப்ப, அது நான் இல்லைம்மா. அது பாட்டில் மேல ஒட்டின படம். வீட்டுக்கு வந்ததும் நீ அதைக் கழட்டிச் சீவி, தடவிக்கொடுத்து ஸ்டாண்டுல வைப்பே. என் தலையைத் தடவி எவ்வளவு நாளாச்சு, சொல்லு?"

பார்லரக்கா மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். துடைத்தாள், ஒட்டினாள், சரிபார்த்தாள், எல்லாம் செய்தாள். தடவவில்லை. அந்த வழவழப்பு கையில் பட்டால் தான் அழுதுவிடுவோம் என்று பயந்தாள். அந்தப் பயத்துக்குத்தான் 'உனக்காக' என்று பெயர் வைத்திருந்தாளோ?

விக்கை மடித்துக் கைப்பையில் வைத்தாள். கடுகு மொட்டைத் தலையோடு முன்னால் நடந்தாள். எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள். ஒரு சிறுமி விரலை நீட்டினாள். கடுகு அவளுக்குக் கையசைத்தாள். அந்தச் சிறுமியும் பதிலுக்குக் கையசைத்துவிட்டுத் தன் ஐஸ்கிரீமைக் கவனிக்கப் போய்விட்டாள். பின்னால் வந்த பார்லரக்கா இதைப் பார்த்தாள். இவ்வளவுதானா?

கோட்டை வாசலுக்கு வெளியே ஒரு போட்டோக் கடை. ராஜா, ராணி உடைகளை மாட்டி வைத்திருந்தான் போட்டோக்காரன். கடுகு நேரே அங்கே போய் நின்றாள்.

"ராணி வேஷம் வேணும். அந்தக் கிரீடத்தோட."

போட்டோக்காரன் அவள் தலையைப் பார்த்தான். கெட்டவனில்லை. பழக்கதோஷத்தில் ஒரு பெட்டியைத் திறந்து நைலான் கொண்டை ஒன்றை எடுத்தான். "முதல்ல இதை மாட்டிக்கோ பாப்பா."

"கொண்டை வேண்டாம். கிரீடம் மட்டும்."

"நிக்காதும்மா."

"வச்சுப் பாருங்க."

வைத்தான். முடியுள்ள தலைகளுக்காகச் செய்த கிரீடம். எண்ணெயில் வழுக்கிக்கொண்டு சர்ரென்று இறங்கிக் கடுகின் மூக்கின்மேல் உட்கார்ந்தது. கிரீடத்துக்குள்ளிருந்து கடுகின் குரல் வந்தது: "இன்னொரு தரம்."

மறுபடி வைத்தான். மறுபடி மூக்கு.

போட்டோக்காரன் உதட்டைப் பிதுக்கினான். "நான் சொன்னேன்ல? முடி இல்லாத தலையில கிரீடம் நிக்காது."

பார்லரக்காவுக்குள் எங்கேயோ சுருக்கென்றது. இத்தனை நாள் இதையேதான் தானும் தன் மகளிடம் வேறு வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று புரிந்தது. வேறொருவன் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அது எவ்வளவு கேவலமான வாக்கியம் என்று தெரிந்தது.

"யார் சொன்னது நிக்காதுன்னு?" என்றாள்.

கைப்பையைத் திறந்தாள். முதலில் ஈரத் துடைப்பான். மகளின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்து, உச்சியிலிருந்து காதோரம் வரை, பிடரி வரை, காலையில் தானே தடவிய எண்ணெயை ஒரு பொட்டு விடாமல் துடைத்து எடுத்தாள். துடைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. அந்தச் சின்னத் தலை கைக்குள் சூடாக, வழவழவென்று, முழுசாக இருந்தது. ஒரு தரம் தடவினாள். இன்னொரு தரம். கண்ணீர் வரத்தான் செய்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள். கடுகு கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

பிறகு டேப். கிரீடத்தின் உள்விளிம்பில் துண்டு துண்டாக ஒட்டினாள். இடைவெளியில் தன் கழுத்துத் துணியை மடித்துக் கொடுத்தாள். கிரீடத்தை வைத்து, நான்கு பக்கமும் அழுத்தினாள்.

"இப்ப ஆட்டு."

கடுகு ஆட்டினாள். குனிந்தாள். குதித்தாள். வட்டமாக ஓடினாள். கிரீடம் அசையவில்லை.

"என்ன சார், நிக்குதா?"

"நீங்க எங்க கடைக்கு வேலைக்கு வந்துடுங்கம்மா" என்றான் போட்டோக்காரன்.

"அம்மா, நீயும் வா" என்று கூப்பிட்டாள் ராணி. அம்மாவின் கைப்பைக்குள் கையை விட்டு விக்கை எடுத்தாள். "குனி."

"எனக்கெதுக்குடி?"

"உன் முடிதானே? நீ வச்சுக்கோ. ராணி ஆணை."

பார்லரக்கா குனிந்தாள். இடுப்பைத் தாண்டியிருந்த முடி, ரெட்டைச் சடையாகச் சுருங்கி வீட்டுக்குத் திரும்பியது. கண்ணாடியில் பார்த்தபோது நாற்பது வயதுப் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி திருதிருவென்று விழித்தாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ராணியும் தோழியுமா?" என்று கேமராவைத் தூக்கினான் போட்டோக்காரன்.

"ராணியும் அவங்க பார்லர்காரியும்" என்றாள் பார்லரக்கா. மகள் இடுப்பில் கையை ஊன்றினாள். பக்கத்தில் அம்மாவும் ஊன்றினாள்.

திரும்பிப் பார்த்தபோது ரேடியோ அக்கா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ!

"அக்கா, நான் சொன்னது பொய். எண்ணெய்க்கும் இவளுக்கும் சம்பந்தமில்லை. ஊருக்குப் போனதும் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்துடுங்க, காசைத் திருப்பித் தர்றேன். வேணும்னா ஊர் முழுக்கச் சொல்லிக்கோங்க."

"சொல்லாம இருப்பேனா?" என்றாள் ரேடியோ அக்கா, தன் பிறவிக் கடமையைச் சந்தேகித்துவிட்டதுபோல. பிறகு கடுகைப் பார்த்தாள். "ஆனா பாட்டிலைத் தரமாட்டேன். என் வீட்டுல ஒரு துருப்பிடிச்ச பூட்டு இருக்கு, அதுக்குப் போட்டுப் பார்க்கணும்."

பேருந்தில் கடுகு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. காற்று நேராகத் தலையில் பட்டது.

"அம்மா, ஸ்கூல்?"

"வெயில்ல போறப்ப தொப்பி போடணும். அது ஒண்ணுதான். மத்தது உன் தலை, உன் இஷ்டம்."

"கடைச் சுவத்துல என் சடையைப் போட்டு ஒட்டியிருக்கற எண்ணெய் போஸ்டர்?"

"கிழிச்சுடலாம். அந்த இடத்துல இன்னைக்கு எடுத்த போட்டோவை மாட்டிடலாம்."

"யாராவது 'பாவம்'னு சொன்னா?"

"சொல்லட்டும். அவங்களுக்குப் புருவம் எடுக்கறப்ப நூலை ஒரு இழுப்பு கூட இழுத்துடறேன்."

குடைக்காரர் ஏறிவந்தார். வழக்கம்போல ஆள் கணக்கு. "கறுப்புக் கண்ணாடி? சரி. பச்சைப் பை? ஊன்றுகோல் ஐயா? சரி. ரெட்டைச் சடை?" இருக்கை இருக்கையாகத் துழாவினார். முகம் வெளிறியது. "ரெட்டைச் சடை எங்கேப்பா? கோட்டையிலயே விட்டுட்டோமா?"

பின் இருக்கையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"இங்கே இருக்கேன் சார்" என்றாள் பார்லரக்கா, சடையைத் தூக்கி முன்னால் விட்டுக்கொண்டு. "பக்கத்துல இருக்கறது ராணி. இனிமே அப்படிக் கூப்பிட்டு எண்ணுங்க."